உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான 16 நாட்களில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாமும் கூட்டம் போடுகிறோம், விளக்கேற்றுகிறோம். ஆனால் ஆடி மாதம் கூழ் ஊற்றும் இடத்தில் ஒரு பெண் கழுத்துக் காயத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றால், என்ன செய்வதென்று பலருக்குத் தெரிவதில்லை. அந்தத் தடுமாற்றத்தில்தான் தவறுகள் நடக்கின்றன.

பெரிய தவறு, சமாதானப் பேச்சு. புருஷனையும் பெண்டாட்டியையும் எதிரெதிரே உட்காரவைத்து, பெரியவர்கள் நல்ல மனசோடுதான் விசாரிக்கிறார்கள். அடித்தவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் என்ன சொல்வாள்? "ஒண்ணுமில்லை அண்ணா, சின்னச் சண்டைதான்." வீடு திரும்பியதும், ஊர் முன்னால் மானத்தை வாங்கினாய் என்று மறுபடி அடி விழும். அவளிடம் தனியாகப் பேசுங்கள். அடிதடிக்குப் பஞ்சாயத்து வேண்டவே வேண்டாம்.

"தாலி கோயிலில்தான் கட்டினார்கள், பதிவு இல்லை, கோர்ட் ஏற்காது" என்பது நம்மவர்களிடம் வேரோடிய நம்பிக்கை. அது தவறு. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மத வழக்கப்படி நடந்த திருமணத்தையும், நிச்சயமானவர்களையும், மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவர்களையும் உள்ளடக்கியது. பணத்தைப் பறித்து ஆட்டிவைப்பதும் அதன் கண்ணில் வன்முறையே. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை கேட்கக் கட்டணம் இல்லை. ஆணையோடு கைது வாரண்டும் பிறப்பிக்கப்படும். அடித்தவர் ஆணையை மீறினால் போலீஸ் அந்த வாரண்டை வைத்துக் கைது செய்யலாம்.

ஆனால் முதலில் கிடைக்கும் இடைக்கால ஆணை, எதிராளிக்குத் தெரிவிக்கப்பட்ட பிறகே செல்லும். அதுவரை அவள் எங்கே தூங்குவாள் என்பதை முதலில் பாருங்கள். இதை மறந்துவிட்டு "கேஸ் போட்டாச்சு, இனிப் பயமில்லை" என்று அவளை அதே வீட்டுக்கு அனுப்புவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

"ஏன் இன்னும் அவனை விட்டு வரவில்லை?" என்றும் கேட்காதீர்கள். பிரிந்து போகும் நேரமே மிக ஆபத்தானது. அவளுக்கு அது தெரியும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்து, கொஞ்சம் பணம், இவற்றை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதியுங்கள். துண்டுப் பிரசுரத்தை அவள் பையில் திணிக்காதீர்கள், அடிக்கிறவர் அதைத் துழாவுகிறவராக இருக்கலாம். அவள் படத்தையோ கதையையோ வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

பாட்டியின் ஓய்வூதியத்தை மகன் பிடுங்கிக்கொண்டு அடிக்கிறான் என்று சந்தேகம் வந்தால், "அவங்க வீட்டு விவகாரம்" என்று ஒதுங்க முடியாது. 2021 திருத்தத்தின்படி முதியவர், குழந்தை, ஊனமுற்றவர் மீதான வன்முறையைச் சமூகப் பணியாளரிடமோ போலீசிடமோ தெரிவிப்பது பெரியவர்கள் ஒவ்வொருவரின் கடமை.

பாலியல் வன்முறை என்றால் குளிக்கவோ உடை மாற்றவோ விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எந்த நேரத்திலும் யோசனை கேட்க, இத்தகைய வன்முறைக்கான உதவி மையத்தின் தொலைபேசி எண் 0800 428 428.

கடைசியாக ஒன்று. பாதுகாப்பு ஆணையின் மறு விசாரணைத் தேதியில் எதிராளி வக்கீலோடு வரலாம். அவள் பெரும்பாலும் தனியாகத்தான் போகிறாள். ஆதரவுக்கு 3 பேர் வரை அவளோடு உள்ளே இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தத் தேதியைக் கேட்டு இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், அன்று லீவு போடுங்கள்.