ஆஸ்ட்ரோசைட் பாடத்தை வகுப்பில் நடத்தும் முறை

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் இளங்கலை விலங்கியல் நடத்தும் ஆசிரியர்கள், மூளையில் உள்ள நட்சத்திர வடிவச் செல்லான ஆஸ்ட்ரோசைட்டை ‘நியூரானை (நரம்புச் செல்லை)த் தாங்கும் செல்’ என்ற ஒற்றை வரியோடு முடித்துவிட வேண்டாம். நியூரான்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் இணைப்பான சினாப்ஸ் உருவாவதிலும் நீங்குவதிலும் அதற்குள்ள பங்கைச் சொல்லாமல் மூளை வளர்ச்சியை விளக்கவே முடியாது.

வரையறையை ஒதுக்கிவிட்டுச் சோதனையிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் பென் பாரஸின் ஆய்வகத்தில், எலியின் விழித்திரை நியூரான்களைப் பிரித்தெடுத்துத் தனியே வளர்த்தபோது, அவை உயிரோடு இருந்து நீண்ட இழைகளை விட்டும் மிகச் சில சினாப்ஸ்களையே உருவாக்கின. ஆஸ்ட்ரோசைட்டுகளோடு வளர்த்தபோது அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 7 மடங்கு கூடியது என்று 2001இல் தெரியவந்தது. இந்த இடத்தில் நிறுத்தி, செல் தொட்டதால் நடந்ததா, சுரந்ததால் நடந்ததா என்று கேளுங்கள். அதைப் பிரித்தறியும் சோதனையை மாணவர்களே பலகையில் எழுதட்டும். ஆஸ்ட்ரோசைட் வளர்ந்த ஊடகத்தை (வளர்ப்புத் திரவத்தை) மட்டும் எடுத்து ஊற்றிப் பார்க்கலாம் என்று ஒருவராவது சொல்வார். உண்மையில் அதுவே போதுமாக இருந்தது. அப்படிச் சுரக்கும் பொருளைத் தேடியபோதுதான் 2005இல் திராம்போஸ்பாண்டின் புரதங்கள் பிடிபட்டன. அவை உருவாக்கும் சினாப்ஸ் வடிவில் முழுமையானது. ஆனால் நியூரான்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளுக்குப் பதில் தராது. குளுட்டமேட்டை ஏற்கும் ஏஎம்பிஏ ஏற்பிகளை வரவழைத்து அதைச் செயல்பட வைப்பவை, ஆஸ்ட்ரோசைட்டே சுரக்கும் கிளிபிகன் 4, 6 என்னும் புரதங்கள் என்று 2012இல் காட்டப்பட்டது. இந்த இரண்டு கட்டங்களையும் தனித்தனியே வரைந்து காட்டுங்கள். மாணவர்கள் குழம்புவது இங்கேதான்.

சினாப்ஸ் நீக்கத்துக்கு அதிக நேரம் வேண்டாம். பருத்தியில் குத்துக்கு ஒரு செடியை விட்டு மற்றதைக் கலைப்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். வளரும் மூளையிலும் மிகுதியான சினாப்ஸ்கள் நீக்கப்படுகின்றன. மெகஃப்10, மெர்டிகே என்னும் ஏற்பிகளைக் கொண்டு ஆஸ்ட்ரோசைட் அவற்றை விழுங்குவதும், அந்த வேலை நியூரானின் செயல்பாட்டைச் சார்ந்திருப்பதும் 2013இல் சுண்டெலிகளில் தெரிந்தன.

நோய் பற்றிப் பேசும்போது அளந்து பேச வேண்டும், ஏனெனில் வீட்டில் நோயாளி உள்ள மாணவர் எதிரே உட்கார்ந்திருக்கலாம். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ரெட் நோய்க்குறி உள்ள சுண்டெலிகளில், அந்நோயோடு தொடர்புடைய மெக்பி2 மரபணுவை ஆஸ்ட்ரோசைட்டில் மட்டும் மீட்டபோது நடமாட்டமும் மூச்சும் தேறின (2011); இது விலங்குச் சோதனை என்பதை அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். மூளையின் நோய்த்தடுப்புச் செல்லான மைக்ரோகிளியா தூண்டும் சில ஆஸ்ட்ரோசைட்டுகள் சினாப்ஸ் வளர்க்கும் திறனை இழந்து நியூரான்களைக் கொல்வதாக 2017இல் வெளியான முடிவைச் சேர்க்கலாம். ஆனால், ஆஸ்ட்ரோசைட்டுகளை நல்லவை, கெட்டவை என்று இரண்டாகப் பிரிப்பது போதாது என்று ஆய்வாளர்களே பின்னர் எச்சரித்ததால், அந்தப் பிரிவினையைத் தேர்வு வினாவாக வைக்காதீர்கள்.