டிராப்பிஸ்ட்-1 சிமுலேஷன் சிதறியது ஏன்? என் அனுபவம்
டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் 7 கோள்களையும் மதுரை திருநகரில் என் மடிக்கணினியில் ஈர்ப்பு விசையால் நகரும் பொருள்களின் பாதையைக் கணக்கிடும் ரீபவுண்ட் மென்பொருள் கொண்டு ஓட்டியபோது, சில ஆயிரம் ஆண்டுகளுக்குள்ளேயே சுற்றுப்பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான காலப்படியைச் சந்தேகித்து, 1.51 நாளில் சுற்றிவரும் உட்கோளின் சுற்றுக்காலத்தில் இருபதில் ஒரு பங்காக இருந்ததை நாற்பதில் ஒரு பங்காக்கினேன், பயனில்லை. பாதைகள் வெட்டும்வரை, மாறாதிருக்க வேண்டிய மொத்த ஆற்றலில் வரும் பிழை மிகச் சிறியதாகவே இருந்ததால், கணக்கிடும் முறையைக் குறைசொல்லவும் இடமில்லை. நிறைகளை மாற்றிப் பார்த்ததும் வீண்.

விடை, நண்பர் தந்த தொடக்கக் கோப்பில் இருந்தது. அதில் கோள்களின் தொடக்க இடம், ஒவ்வொன்றும் நம் பார்வையில் விண்மீனுக்கு முன்னால் கடக்கும் நேரத்தைக் கொண்டு குறிக்கப்பட்டிருந்தது. அந்த நேரம் ஒவ்வொரு கோளுக்கும் வெவ்வேறு நாளுக்குரியது. கோப்போ அவற்றை ஒரே கணத்து நிலையாகக் கொண்டிருந்தது. அடுத்தடுத்த கோள்களின் சுற்றுக்காலங்கள் ஏறத்தாழ 8:5, 5:3, 3:2, 3:2, 4:3, 3:2 என்ற முழு எண் விகிதங்களில் அமைய, ஒத்திசைவில் பிணைந்த இக்கோள்களுக்குச் சுற்றுக்காலம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, நிற்கும் இடமும் சரியாக இருக்க வேண்டும். நேரங்களை ஒரே தொடக்க நாளுக்குக் கொண்டுவந்தபின், அடுத்தடுத்த மூன்று கோள்களின் நிலைகளை இணைத்துக் கணக்கிடும் லாப்லாஸ் கோணம் முழுவட்டம் சுற்றாமல் ஒரு மதிப்பைச் சுற்றியே ஊசலாடியது. இரவு முழுக்க ஓடியும் எந்தப் பாதையும் வெட்டவில்லை, அப்பாடா!