மாநகர் மன்றத்திடம் போவதற்கு முன்: கோலாலம்பூரில் நாம் செய்யும் தவறுகள்

கோலாலம்பூரில் ஒரு குடியிருப்புப் பிரச்சினை கிளம்பினால் முதலில் எழும் பேச்சு, "நம்ம கவுன்சிலர் யாரு? போய்ப் பார்ப்போம்" என்பதுதான். இந்த நகரத்துக்குக் கவுன்சிலரே கிடையாது. பினாங்குத் தீவில் மாநில அரசு நியமிக்கும் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், பெட்டாலிங் ஜெயாவிலும் இருக்கிறார்கள். 1974 முதல் கூட்டரசுப் பிரதேசமாக இருக்கும் கோலாலம்பூருக்குச் சட்டமன்றமும் இல்லை. நியமனம் பெற்று வரும் டத்தோ பண்டார் என்ற மேயர்தான் இங்கே முடிவெடுக்கிறார். 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் கடிதம் எழுதலாம், கூட்டம் போடலாம், அவையில் குரல் கொடுக்கலாம். ஒரு கட்டடத்துக்கு அனுமதி தருவதிலோ மறுப்பதிலோ அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆகவே 'எம்பியிடம் சொல்லிவிட்டோம்' என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம்.

ஊராட்சித் தேர்தல் இந்நாட்டுக்குப் பழக்கமில்லாதது, அல்லது 1969 மே 13 இனக் கலவரத்தால் நின்றுபோனது என்று நம்மிலேயே பலர் சொல்கிறார்கள். இரண்டும் தவறு. கோலாலம்பூர் மக்கள் 1952-இலேயே நகராட்சிக்கு வாக்களித்தவர்கள். 1957-இல் மாநகரமான பினாங்கின் ஜார்ஜ் டவுனில், தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயர் டி. எஸ். ராமநாதன். கோலாலம்பூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் 1961-இல் கலைந்து, நியமன ஆணையர் வந்தார். மற்ற ஊர்களில் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் தேர்தலை நிறுத்தினார்கள். ஊராட்சிகளின் செயல்பாட்டை ஆராய்ந்த அரச ஆணையத்தின் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் திரும்ப வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை, 1976 ஊராட்சிச் சட்டம் கதவை மூடிவிட்டது. இந்த விவாதம் மறுபடி எழும்போதெல்லாம் 'இது நமக்கு ஆகாத விஷயம்' என்று ஒதுங்குவது, நம்மவர் எழுதிய வரலாற்றை நாமே மறப்பதாகும்.

எந்த அலுவலகம் என்பதிலும் தடுமாற்றம் உண்டு. பத்துமலை சிலாங்கூரில் இருக்கிறது, அது செலாயாங் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. கோலாலம்பூரில் குப்பை அள்ளுவது 2011 முதல் கூட்டரசு ஏற்பாட்டின் கீழ் நடக்கிறது. தண்ணீருக்கு ஆயர் சிலாங்கூர். நில வரி நில அலுவலகத்துக்கு, மதிப்பீட்டு வரி மாநகர் மன்றத்துக்கு.

இவை எல்லாவற்றையும்விட நம்மை அதிகம் தோற்கடிப்பது தாமதம். வேலி அடித்து மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பிறகுதான் கூட்டம் கூடுகிறோம். அந்த நிலத்தில் என்ன வரலாம் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே திட்ட வரைபடத்தில் முடிவாகியிருக்கும். 2040-க்கான உள்ளூர்த் திட்டத்தின் வரைவு 2024-இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. எத்தனை கோயில் நிர்வாகங்கள் போய், தங்கள் இடம் எந்த நிறத்தில், அதாவது எந்தப் பயன்பாட்டுக்கென்று, காட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தன? மஸ்ஜித் இந்தியா பகுதியில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் இருந்த நிலம் 2014-இல் தனியார் கைக்குப் போனது. நாடே அதைப் பற்றிப் பேசியது 2025-இல். இடையில் போன ஆண்டுகளை எந்த ஆர்ப்பாட்டத்தாலும் மீட்க முடியாது. கோயில், தமிழ்ப்பள்ளி, மண்டபம் எதுவானாலும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் இன்றே தேடிப் பார்த்துவிடுங்கள்.

திட்ட வரைபடத்தின் பலத்தைக் காட்டியது தாமான் ரிம்பா கியாரா வழக்கு. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள அந்தப் பூங்காவில் அடுக்குமாடிகள் கட்ட 2017-இல் அனுமதி கிடைத்தது. குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்து உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், மேல்முறையீட்டில் வென்றார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். நகரம் எப்படி வளர வேண்டும் என்று வகுத்த கட்டமைப்புத் திட்டத்தை, காரணம் சொல்லாமல் தூக்கிப் போட முடியாது என்பது அதன் சாரம்.

அந்த விவகாரத்தில் இன்னொரு தவறும் நடந்தது, அது எனக்கு இன்னும் வலிக்கிறது. பூங்காவை ஒட்டிய நீண்ட வீடுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் புக்கிட் கியாரா தோட்டத்தில் வேலை செய்த நம் குடும்பத்தினர். தோட்டத்தை எடுத்துக்கொண்டபோது நிரந்தர வீடு தருவதாகச் சொன்ன வாக்கு பல பத்தாண்டுகள் காற்றில் கிடந்தது. அவர்களுக்கான வீடுகளும் அந்த அடுக்குமாடித் திட்டத்துக்குள்ளேயே வைக்கப்பட்டதால், பூங்கா வேண்டும் என்பவர்கள் ஏழைத் தமிழனுக்கு எதிரி என்ற பேச்சு பரவியது. அதை அப்படியே நம்பிச் சண்டையில் இறங்கக் கூடாது. பாட்டாளிக்கு வீடு தருவது பழைய கடன், அதற்கு விலையாகப் பொதுப் பூங்காவைக் கேட்பதுதான் அநியாயம். இரண்டு தரப்பும் ஒன்றாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

மனுவைப் பொறுத்தவரை, ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டு ஒரே ஒரு வரி எழுதினால் பயன் குறைவு. நிலத்தின் லோட் எண், திட்டத்தில் அந்த இடத்துக்குச் சொல்லப்பட்ட பயன்பாடு, உங்கள் வீட்டுக்கு வரும் பாதிப்பு ஆகியவற்றை மலாயில் தெளிவாக எழுதுங்கள். கட்டுமான இடத்தில் நிற்கும் அறிவிப்புப் பலகையைப் படமெடுத்து, அதிலுள்ள கடைசித் தேதிக்கு முன் கொடுங்கள். கட்சிக் கிளைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். நீங்களே முகப்பில் கொடுத்து, நகலில் சாப்பா (முத்திரை) வாங்கி வையுங்கள்.

கோபத்தில் மதிப்பீட்டு வரியைக் கட்டாமல் நிறுத்துவோரும் உண்டு. பிப்ரவரி, ஆகஸ்ட் இறுதித் தவணைகள் அதற்காகக் காத்திருக்காது. அபராதம் ஏறும், வாரண்டோடு வந்து வீட்டுப் பொருளை ஜப்தி செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. மதிப்பீடு அதிகம் என்று பட்டால் வரியைக் கட்டிக்கொண்டே, நோட்டீசில் உள்ள தேதிக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.