ரிம் அகலத்துக்குப் பொருத்தமான டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இ46 எம்3 காரை வைத்து ஒரு விளக்கம்

வேகமான கார் வாங்கியவர்கள் முதலில் மாற்ற நினைப்பது பெரும்பாலும் டயரைத்தான். அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்று ரிம்மை அப்படியே விட்டுவிட்டு டயரை மட்டும் பெரிதாக்குகிறார்கள். ஆனால் டயர் எந்த வடிவத்தில் நிற்கும் என்பது ரிம்மின் அகலத்தைப் பொறுத்தது. ஒரே டயரை 8 அங்குல ரிம்மிலும் 9 அங்குல ரிம்மிலும் மாட்டி ஓட்டினால், ஸ்டியரிங்கில் இரண்டு வேறு டயர்கள் போலத் தெரியும்.

எடுத்துக்காட்டாக, 2000 முதல் 2006 வரை வந்த பிஎம்டபிள்யூ இ46 எம்3-யின் 18 அங்குல வீல்களை எடுத்துக்கொள்வோம். முன்னால் 8 அங்குல ரிம்மில் 225/45 ஆர்18, பின்னால் 9 அங்குல ரிம்மில் 255/40 ஆர்18.

படி 1: எண்களைப் படியுங்கள்

225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்றால் சைட்வாலின், அதாவது டயரின் பக்கச் சுவரின், உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம். ஆர் என்பது ரேடியல் என்ற டயர் வகை, 18 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்மின் அகலம் டயரில் இருக்காது. அதை ரிம்மிலேயே தேட வேண்டும், பெரும்பாலும் ஆரங்களின் பின்பக்கம் 8ஜே×18 இடி47 என்பது போலப் பொறித்திருக்கும் (ஜே என்பது ரிம் விளிம்பின் வடிவம், இடி பற்றிப் படி 5-இல்). அந்த 8 அங்குலம், டயரின் பீட் (ரிம்மைப் பிடிக்கும் உள் விளிம்பு) உட்காரும் இரு இடங்களுக்கு நடுவே அளந்தது. வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு டேப் வைத்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டயர் வாங்கிவிடாதீர்கள்.

படி 2: அனுமதித்த ரிம் அகலத்தைப் பாருங்கள்

ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த அகலம் முதல் எந்த அகலம் வரை ரிம் இருக்கலாம் என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். வாங்கப்போகும் மாடலுக்கு உரியதையே பாருங்கள். வழக்கமாகக் காணும் எல்லைகள் இவை:

225/45 ஆர்18: 7 முதல் 8.5 அங்குலம்
245/40 ஆர்18: 8 முதல் 9.5
255/40 ஆர்18: 8.5 முதல் 10
275/35 ஆர்18: 9 முதல் 11

அதே அட்டவணையில் 'அளவு ரிம்' என்று ஒன்றும் உண்டு. டயரின் அகலத்தை அந்த ரிம்மில் மாட்டித்தான் அளந்திருப்பார்கள். 225/45 ஆர்18-க்கு அது 7.5 அங்குலம். ரிம் அரை அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ டயரின் அகலமும் சுமார் 5 மி.மீ. மாறும். ஆகவே எம்3-யின் 8 அங்குல ரிம்மில் அந்த 225, நிஜத்தில் 230-ஐ ஒட்டி இருக்கும்.

படி 3: எல்லைக்குள் எங்கே நிற்பது?

இங்கேதான் நிதானம் வேண்டும். ரிம் குறுகலாக இருந்தால் டயரின் பக்கங்கள் பிதுங்கும், வளைவில் சைட்வால் மடங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவே ஒரு தயக்கம் வந்துவிடும். ரிம் அளவுக்கு மீறி அகலமாக இருந்தால் சைட்வால் இழுபட்டு நிற்கும், ஒரு பள்ளத்தில் இறங்கினாலே ரிம் விளிம்பு அடிவாங்கும்.

அளவு ரிம்மும் அதைவிட அரை அங்குலம் அகலமான ரிம்மும் வேகமான காருக்கு மிகப் பொருத்தம் என்பேன். எம்3-யும் அப்படித்தான்: முன்னால் அளவு ரிம்மைவிட அரை அங்குலம் கூடுதல், பின்னால் அளவு ரிம்மான 9 அங்குலமே. 8 அங்குல ரிம்மில் 255 போடலாமா என்றால், கூடாது, அது எல்லைக்கு வெளியே. 245 ஏறும், ஆனால் எல்லையின் ஓரத்தில். பின்னால் 9 அங்குலத்தில் 275/35-உம் அதே கதைதான். 9.5 அல்லது 10 அங்குல ரிம் வாங்கும்வரை 255-லேயே இருப்பது நல்லது.

படி 4: மொத்த விட்டத்தைக் கணக்கிடுங்கள்

225-இல் 45 சதவீதம் 101.25. மேலும் கீழுமாக இரண்டு சைட்வால், ஆக 202.5. 18 அங்குலம் 457.2 மி.மீ. கூட்டினால் 659.7. பின் டயருக்கு இதே கணக்கு 661.2 தரும். அகலம் 30 மி.மீ. வேறுபட்டும் விட்டத்தில் 1.5 மி.மீ. மட்டுமே வித்தியாசம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதால் இந்தப் பொருத்தம் முக்கியம். பின்னால் மட்டும் 275/35 போட்டால் விட்டம் 649.7 ஆகிவிடும், முன் டயரைவிட 10 மி.மீ. குறைவு.

படி 5: ஆஃப்செட்டை மறக்காதீர்கள்

ரிம்மில் பொறித்த இடி எண்தான் ஆஃப்செட். இடி47 என்றால், காரின் ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் பாகம்) வீல் ஒட்டும் பரப்பு ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 47 மி.மீ. வெளிப்பக்கமாக இருக்கிறது. எண் குறைந்தால் வீல் வெளியே தள்ளும். எம்3-யின் பின் வீல் 9 அங்குலம், இடி26. அதை முன்னால் மாட்டினால்? அகலம் ஓர் அங்குலம் கூடியதால் பக்கத்துக்கு 12.7 மி.மீ., ஆஃப்செட் குறைந்ததால் 21 மி.மீ., ஆக வெளி விளிம்பு 33.7 மி.மீ. வெளியே வரும். சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டரில் உரசும். அதுவே 8.5 அங்குலம், இடி40 என்றால் வெளியே 13.35 மி.மீ. மட்டும் வரும், உள் விளிம்பு ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும்.

அப்புறம் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும். டயரில் அளவுக்குப் பின்னால் 91டபிள்யூ என்பது போல இருக்கும். 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ., ஒய் என்றால் 300. காரின் கையேட்டில் உள்ளதைவிடக் குறைவானதை வாங்காதீர்கள்.

மாட்டியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பின் சீட்டில் ஆள் ஏற்றி, வேகத்தடை உள்ள சாலையில் மெதுவாக ஒரு சுற்று போய் வந்து, ஃபெண்டர் லைனரில் (ஃபெண்டரின் உள்பக்க உறை) புதிய தேய்மானம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டயரின் உள்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள், சஸ்பென்ஷனில் உரசினால் தடம் அங்கேதான் தெரியும்.