ஆர்க்கிடெக்ட் மேல கம்ப்ளைன்ட் குடுக்கணும்னா எங்க, எப்படி

நம்ம வேலூர்ல காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம்னு எந்தப் பக்கம் போனாலும் வீடு கட்டிக்கிட்டே இருக்காங்க, கூடவே பிளான் போட்டவரோட தகராறும் நடந்துக்கிட்டே இருக்கு. தகராறு வந்ததும் நேரா போலீஸ் ஸ்டேஷன், இல்லனா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல மனு, ரெண்டு இடத்துலயும் "இது சிவில் மேட்டர்"னு திருப்பி அனுப்பிடறாங்க. ஆனா ஆர்க்கிடெக்டோட நடத்தைய விசாரிக்கறதுக்குன்னே ஒரு சட்ட அமைப்பு இருக்கு, டெல்லியில இருக்கற கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்துல வந்தது.

முதல்ல அவரு நிஜமாவே ஆர்க்கிடெக்ட்தானான்னு பாருங்க. பதிவு பண்ணவங்களுக்கு சி.ஏ.ன்னு ஆரம்பிச்சு வருஷமும் நம்பரும் சேர்ந்த ஒரு பதிவு எண் இருக்கும், டிராயிங்ல சீல் பக்கத்துலயே போட்டிருப்பாங்க, கவுன்சில் வெப்சைட்ல தேடினா பேரு வரும். பேரு வரலனா அவரு இன்ஜினியராவோ டிப்ளமா முடிச்ச பிளான் போடறவராவோ இருக்கலாம், அவரு மேல கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது. வீட்டுக்கு பிளான் போடறது ஆர்க்கிடெக்ட் மட்டும்தான் செய்யணும்னு சட்டம் சொல்லல, அந்தப் பட்டத்தப் போட்டுக்கறதுக்குத்தான் தடைன்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. இப்படிப்பட்டவங்க மேல புகார்னா, அவங்க லைசென்ஸ் வாங்கின மாநகராட்சியிலயோ டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) ஆபீஸ்லயோதான் குடுக்கணும். இன்னொண்ணு, புகார ஆபீஸ் பேர்ல எழுதாதீங்க, பதிவு இருக்கற ஆளோட பேர்ல எழுதுங்க.

அடுத்தது எல்லாரும் தடுமாற்ற இடம். கவுன்சில் உங்க காச வாங்கித் தர்ற இடம் இல்ல. விசாரிச்சு கண்டிக்கலாம், கொஞ்ச காலத்துக்கு தொழில் பண்ணக் கூடாதுன்னு நிறுத்தி வைக்கலாம், பதிவேட்டுலருந்து பேரயே எடுக்கலாம், சட்டத்தோட 30வது பிரிவுல இருக்கு. எலிவேஷன் (வீட்டோட முன்பக்கத் தோற்றம்) பிடிக்கல, வாஸ்து சரியில்ல, மேஸ்திரி லேட் பண்ணிட்டாருங்கறதெல்லாம் இங்க எடுபடாது. 1989ல வந்த நடத்தை விதிகள்ல எத மீறினாருன்னு நீங்க காட்டணும். நம்ம ஊர் வீட்டு வேலையில அடிக்கடி வர்றது இதுங்கதான்: ஃபீஸ், கண்டிஷன் எதையும் முன்கூட்டி சொல்லாம நடுவுல ஏத்தறது, உங்க சம்மதம் இல்லாம வேலைய வேற ஒருத்தர்கிட்ட தள்ளிவிடறது, டைல்ஸ் கடையிலயும் கம்பி கடையிலயும் கமிஷன் வாங்கிக்கறது, கான்ட்ராக்டர் கம்பெனியில தனக்கு பங்கு இருக்கறத மறைக்கறது. எனக்கு ரொம்பக் கோபம் வர்றது கான்ட்ராக்ட் விஷயத்துலதான். ஓனருக்கும் கான்ட்ராக்டருக்கும் நடுவுல நியாயமா நிக்க வேண்டியவரு, நடக்காத வேலைக்கு பில்ல பாஸ் பண்ணிட்டா, பேங்க் லோன் வாங்கி கட்டறவங்க வட்டியும் கட்டி வாடகையும் கட்டி அல்லாடறாங்க.

எழுதறப்ப கோபத்த ஓரமா வச்சுடுங்க. "எங்களை ஏமாத்தி நம்பிக்கை துரோகம் பண்ணிட்டாரு"ன்னு ரெண்டு பக்கம் எழுதினாலும் பிரயோஜனம் இல்ல. அதுக்கு பதிலா இப்படி ஒரு வரி போதும்: "ரூஃப் கான்கிரீட் முடிஞ்சுதுன்னு மார்ச் 12 தேதி போட்டு பில்லுல கையெழுத்து போட்டிருக்காரு (இணைப்பு 4), அன்னைக்கு சைட்ல எடுத்த போட்டோவுல சுவர் கதவு உயரத்துல, லிண்டல் மட்டத்துலதான் நிக்குது (இணைப்பு 5)." ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஒரு தேதி, ஒரு பேப்பர், ஒரு இணைப்பு நம்பர். அக்ரிமென்ட், ஃபீஸ் கட்டின பேங்க் ஸ்டேட்மென்ட், டிராயிங், வாட்ஸ்அப் பேச்சு எல்லாத்தையும் தேதி தெரியற மாதிரி பிரிண்ட் எடுங்க, போன் மாத்தறதுக்கு முன்னாடியே பேக்கப் எடுத்து வைங்க. அக்ரிமென்ட் இல்லையா, மனசு விட்டுடாதீங்க, மெயிலும் மெசேஜும் சேர்ந்தாலே என்ன பேசினீங்கன்னு தெரிஞ்சிடும். விரிசல், ஒழுகல்னு டெக்னிக்கல் விஷயம் இருந்தா ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட எழுத்துல ரிப்போர்ட் வாங்குங்க, தெரிஞ்ச மேஸ்திரி வாய்ல சொன்னது நிக்காது.

புகார் போடறதுக்கு முன்னாடி அவருக்கே ஒரு லெட்டர், பதிவு சேர்த்த ஸ்பீட் போஸ்ட்ல, என்ன குறை, எத்தன நாள்ல பதில் வேணும்னு. பாதி பேருக்கு டிராயிங் ஃபைலும் பில்லு கணக்கும் இந்த லெட்டர்லயே கைக்கு வந்துடும்.

அப்புறம் கவுன்சில் ரிஜிஸ்ட்ரார் பேருக்கு புகார். ஃபார்ம், கட்டணம் எல்லாம் கவுன்சில் வெப்சைட்ல பார்த்து அதுபடியே பண்ணுங்க. டெல்லிக்குப் போறதால இங்கிலீஷ்ல அடிக்கறது நல்லது, தமிழ்ல இருக்கற பத்திரத்துக்கு மொழிபெயர்ப்பு சேர்த்துடுங்க. வாக்குமூலம், நோட்டரி கையெழுத்து எல்லாம் சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் டைப்பிங் சென்டர்லயே முடிஞ்சிடும், ஆனா அவங்க வச்சிருக்கற பழைய மாடல்ல பேர மட்டும் மாத்திக் குடுத்தா வாங்காதீங்க, ஒவ்வொரு வரியும் படிச்சுப் பாருங்க, கையெழுத்து உங்களோடது. ஒரு முழு செட் காப்பி வீட்ல இருக்கணும்.

புகார் போனதும் அவருக்கு காப்பி அனுப்பி விளக்கம் கேப்பாங்க. முகாந்திரம் இருக்குன்னு கவுன்சில் நினைச்சா ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும், ரெண்டு தரப்பும் பேசலாம். டைம் எடுக்கும்.

அதனாலதான் இத முக்கியமா சொல்றேன்: நஷ்டஈடு வேணும்னா நுகர்வோர் ஆணையத்துல தனியா கேஸ் போடணும், பிரச்சனை ஆரம்பிச்ச தேதியிலருந்து 2 வருஷத்துக்குள்ள. டெல்லி முடிவு வரட்டும்னு உக்காந்திருந்தா அந்த 2 வருஷம் நிக்காது, ஓடிடும். ஆணையம் வேலூர்லயே இருக்கு, ஆன்லைன்லயும் போடலாம், நீங்க குடுத்த ஃபீஸ் 5 லட்சத்துக்குள்ளனா கோர்ட் கட்டணமும் கிடையாது, வக்கீல் கட்டாயமும் இல்ல. ரெண்டையும் ஒரே சமயத்துல நடத்தலாம், ஆனா ரெண்டுலயும் ஒரே தேதி, ஒரே கணக்கு இருக்கட்டும், ஒண்ணுல 3 லட்சம் இன்னொண்ணுல மூணரைன்னு இருந்தா எதிர் வக்கீல் அதத்தான் முதல்ல பிடிப்பாரு.

விசாரணை ஓடறப்ப ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல அவரு பேரப் போட்டு எழுதாதீங்க, அவதூறு கேஸ் உங்க மேல திரும்பும். வீடு மாறினா புது அட்ரஸ உடனே கவுன்சிலுக்கு எழுதிடுங்க, நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய் திரும்பி வந்தா ஹியரிங் தேதியே உங்களுக்குத் தெரியாம போயிடும்.