சென்னையில் சொகுசு கார் வைத்திருப்பவருக்கு: சேதம் நேரும்போதும் கூட்டம் கூடும்போதும் செய்ய வேண்டியவை

அறுபது, எழுபது லட்சம் ரூபாய் கொடுத்துக் கார் வாங்குபவருக்கு ஷோரூமில் இருக்கையின் தோலைப் பற்றியும் ஒலிபெருக்கியின் தரத்தைப் பற்றியும் நெடுநேரம் விளக்குகிறார்கள். அந்தக் கார் முதன்முறை கீறுபடும்போது என்ன செய்வது, தண்ணீரில் நின்றுபோனால் யாரை அழைப்பது, சிறிய உரசலுக்குப் பிறகு ஐம்பது பேர் சூழ்ந்து நின்றால் எப்படிப் பேசுவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒன்பது ஆண்டுகளாக ஒரு ஜெர்மன் செடானை இந்த ஊரில் ஓட்டி வருகிறேன். அது வெள்ள நீரில் நின்றிருக்கிறது, கல்யாண மண்டபத்து வாசலில் சாவியால் கீறப்பட்டிருக்கிறது, ஆட்டோவோடு உரசியிருக்கிறது. சேதம் நேர்ந்த முதல் அரை மணி நேரத்தில் உரிமையாளர் நடந்துகொள்ளும் விதமே பின்னால் வரும் செலவையும் மன உளைச்சலையும் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை இந்த அனுபவங்கள் எனக்குக் காட்டின. அந்த அரை மணி நேரத்துக்கான ஏற்பாடுகளைக் கார் வீட்டுக்கு வந்த வாரத்திலேயே செய்துவிட வேண்டும்.

முதல் ஏற்பாடு காப்பீடு. ஷோரூமில் நீட்டும் பாலிசியில் அப்படியே கையெழுத்திடாமல், கூடுதல் பாதுகாப்புகள் என்னென்ன சேர்க்கப்பட்டுள்ளன என்று வரிவரியாகப் படியுங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். சொகுசு கார்களின் பம்பர், முகப்பு கிரில், விளக்கின் கூடு எல்லாமே பெரும்பாலும் பிளாஸ்டிக்தான் என்பதால், தேய்மானம் கழிக்காமல் தரும், ‘பம்பர் டு பம்பர்’ என்று வழக்கில் சொல்லப்படும் ஜீரோ டெப்ரிசியேஷன் இல்லாத பாலிசி பாதி பாலிசிக்குச் சமம். டயரும் அப்படித்தான்: காரின் வேறு பாகம் சேதமடையாமல் டயர் மட்டும் கிழிந்தால் சாதாரண பாலிசியில் எதுவும் கிடைக்காது, மற்ற பாகங்களோடு சேர்ந்து சேதமானாலும் டயரின் மாற்று விலையில் பாதிதான் கிடைக்கும். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் இணைப்பு சென்னைக்குக் கட்டாயம் என்றே சொல்வேன்; காரணத்தை மழை பற்றிய பகுதியில் விளக்குகிறேன்.

கார் முழு இழப்பானால் வாங்கிய விலையையே தரும் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற இணைப்பைப் பலர் வீண்செலவு என்று விட்டுவிடுகிறார்கள். பழுதுபார்க்கும் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கணக்கிடப்படும், அப்போது கைக்கு வருவது தேய்மானம் போன மதிப்புதான். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம். 80 லட்சம் ரூபாய் காருக்கு வரி மட்டுமே 16 லட்சம் ஆகிறது, காப்பீட்டு மதிப்பில் அந்த 16 லட்சம் சேராது. முதல் மூன்று ஆண்டுகளுக்காவது இந்த இணைப்பை வைத்திருப்பது நல்லது.

அடுத்து, எந்தச் சேதத்துக்கு கிளெய்ம் செய்வது, எதைக் கைப்பணத்தில் முடிப்பது என்ற கேள்வி. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் கழிவு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறுகிறது. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் என்றும், நீங்கள் 50 சதவீதக் கழிவில் இருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிளெய்ம் செய்தால் அடுத்த புதுப்பித்தலில் கழிவு பூஜ்யமாகும். அந்த ஆண்டு 60,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதற்கடுத்த ஆண்டுகளில் 36,000, 30,000, 18,000, 6,000 என்று இழப்பு தொடரும். பிரீமியம் மாறாது என்று கொண்டால் மொத்தம் 1,50,000 ரூபாய். ஆகவே நாற்பதாயிரம் ரூபாய்ப் பெயின்ட் வேலைக்குக் கிளெய்ம் போடுவது நட்டம். கழிவைக் காக்கும் தனி இணைப்பு உங்கள் பாலிசியில் இருந்தால் இந்தக் கணக்கு மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றாடச் சேதங்களில் பெயின்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செராமிக் கோட்டிங் கறையையும் நீரையும் ஒட்டவிடாது, ஆனால் சாவிக் கீறலையும் கல்தெறிப்பையும் தடுக்காது. அவற்றை ஓரளவு தாங்குவது பி.பி.எஃப். என்னும் தடித்த பாலியூரித்தேன் படலம்தான். முழுக் காருக்கும் போட இயலாதவர்கள் பானட், முன்பம்பர், கதவு விளிம்புகளுக்கு மட்டும் போட்டால் போதும். போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்புப் புள்ளிகள் பெயின்ட்டில் பதிந்துவிடும். தூசியைத் தட்டாமல் கவர் போட்டு மூடினால், காற்றில் அந்தக் கவரே உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

வேகத்தடையும் பள்ளமும்தான் பெரிய செலவைக் கொண்டுவருபவை. இந்தியச் சாலைக் கழகத்தின் விதிமுறை, வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டதாக இருக்க வேண்டும் என்கிறது. நம் தெருக்களில் பல வேகத்தடைகள் இதைவிடக் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கின்றன. நீளமான செடானில் முன்சக்கரம் இறங்கிய பிறகு நடுவயிறு தட்டும். சற்றுச் சாய்வாக, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்குவதும், ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் முன்கூட்டியே உயர்த்திக்கொள்வதும், இடுக்கமான இடத்தில் பின்னிருக்கைக்காரர்களை இறக்கிவிடுவதும் வழிகள். அடியில் பலமாகத் தட்டிய சத்தம் கேட்டால் வண்டியை ஓரங்கட்டி, பத்து நிமிடம் கழித்து அடியில் எண்ணெய்ச் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு அங்கேயே நிற்க வேண்டும்.

டிரைவர் வைத்திருப்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு சிறு கீறலுக்காகச் சம்பளத்தைப் பிடித்தாலோ, நாலு பேர் முன்னால் திட்டினாலோ, அடுத்த முறை அடியில் தட்டியதை அவர் உங்களிடம் சொல்லமாட்டார். சொல்லப்படாத அந்த அடி, ஆயில் முழுவதும் வடிந்து எஞ்சின் இறுகிப்போவதில் முடியலாம். “எது பட்டாலும் அன்றைக்கே சொல்லுங்கள், கோபப்படமாட்டேன்” என்று சேர்ந்த நாளிலேயே சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள்.

நசுங்கல் நேர்ந்தால் தெருமுனை டிங்கரிங் கடைக்குப் போவதற்கு முன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும். அலுமினியத் தகட்டை இரும்பு வேலைக்கான கருவிகளால் தட்டி நிமிர்த்தக் கூடாது. பம்பரின் பின்னால் ரேடார் இருக்கும் கார்களில் அந்த இடத்தில் கனமாகப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் ரேடார் மற்ற வண்டிகளின் தூரத்தைத் தவறாகக் கணிக்கும். முன்கண்ணாடியை மாற்றினால், அதன் பின்னுள்ள கேமராவை மறுபடி அளவீடு செய்தார்களா என்று பில்லில் சரிபார்த்து வாங்குங்கள். காரைக் காக்கும் என்று நம்பி முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு பொருத்துவது சட்டப்படியும் தவறு, ஏர்பேக் உரிய நேரத்தில் விரிவதையும் அது பாதிக்கும்.

மழைக்கு வருவோம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்நகரத்தில் எண்ணற்ற கார்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மிகச் சரியான செயல் அது. அடித்தளப் பார்க்கிங்கில் சொகுசு காரை வைத்திருப்பவர், எச்சரிக்கை வந்த அன்று மாலையே அதை மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும்; இரவில் தண்ணீர் ஏறும்போது வெளியே எடுக்க வழியிருக்காது.

தண்ணீருக்குள் ஓட்டும்போது எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றுக்குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் நனைந்த சேதத்தைச் சாதாரண முழுக் காப்பீடு ஏற்கும். நனைந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பழுதாக்கியதைத் தொடர் இழப்பு என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். அதற்காகவே எஞ்சின் பாதுகாப்பு வேண்டும் என்றேன், ஆனால் அது இருந்தாலும் பொத்தானைத் தொடாதீர்கள். ரேஞ்ச் ரோவரைப் போல 900 மில்லிமீட்டர் ஆழம் வரை நீரில் செல்லக்கூடிய வண்டிகள் உண்டு. பெரும்பாலான செடான்கள் அதில் பாதி ஆழத்தையும் தாங்கா.

எஞ்சினுக்குள் நீர் போகாவிட்டாலும் ஆபத்து நீங்கிவிடாது. பல ஜெர்மன் கார்களில் பேட்டரியும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சிலவும் டிக்கியின் அடியிலோ இருக்கைக்குக் கீழேயோ இருக்கின்றன. கம்பளம் நனையும் அளவுக்கு நீர் புகுந்திருந்தால் மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி சர்வீஸ் சென்டரை அழையுங்கள். நீர்மட்டம் கதவில் எந்த உயரம் வரை வந்தது என்பதைத் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். பிறகு, நான்கு சக்கரங்களும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் வண்டியைத்தான் கேட்க வேண்டும். கயிறு கட்டி இழுத்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் நான்கு சக்கர இயக்க அமைப்பும் கெட்டுப்போகும். என் கார் நின்றபோது உதவ வந்த பக்கத்துத் தெரு இளைஞர்கள் கயிறும் கையுமாகத்தான் வந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லி, தேநீர் வாங்கிக் கொடுத்து, ஐந்து மணி நேரம் காத்திருந்து பிளாட்பெட்டில் ஏற்றினேன். கியர்பாக்ஸ் இன்றுவரை சிக்கலின்றி ஓடுகிறது.

இனி மனிதர்களைப் பற்றி. சிக்னலில் எட்டிப் பார்ப்பவர்களும், கோயில் வாசலில் காரின் முன்நின்று படமெடுத்துக்கொள்பவர்களும் பெரும்பாலும் ஆசையால் செய்கிறார்களே ஒழியத் தீங்கு நினைப்பதில்லை. ஒரு சிறுவன் பானட்டைத் தொட்டால் அதட்டாதீர்கள். “உள்ளே உட்கார்ந்து பார்க்கிறாயா?” என்று அவன் பெற்றோர் முன்னிலையில் கேட்டுப் பாருங்கள், அந்தத் தெருவில் உங்கள் காரை அதற்குப் பிறகு நாலு பேர் காவல் காப்பார்கள். பார்வையிலிருந்து தப்பிக்கக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது போலீஸின் பார்வையைத்தான் வரவழைக்கும்: முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது விதி. பதவியையோ துறையையோ காட்டும் ஸ்டிக்கரையும் ஒட்டாதீர்கள். உரிமையின்றி அவற்றை ஒட்டியவர்கள் மீது சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2024 மே மாதம் முதல் நடவடிக்கை எடுத்தது.

மண்டப வாசலில் யாரோ வேண்டுமென்றே கீறிவிட்டால் கத்திப் பயனில்லை. கூட்டம் கலைவதற்குள் அந்த இடத்தின் கண்காணிப்புக் கேமரா எங்கே இருக்கிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று நிர்வாகியிடம் கேளுங்கள். சேதத்தைத் தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்துக்கொண்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவின்படி வேண்டுமென்றே பொருளைச் சேதப்படுத்துவது குற்றம்; இழப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டால் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஆகவே மதிப்பீட்டுத் தொகையை எழுத்தில் வாங்கி வைப்பது அவசியம்.

விபத்து நேர்ந்தால், தவறு யாருடையதாயினும் பெரிய கார்க்காரர்மீதுதான் முதல் கோபம் பாயும். அதை அநியாயம் என்று நினைத்து வாதாடத் தொடங்காதீர்கள். கீழே விழுந்தவருக்கு அந்த நிமிடத்தில் வலிக்கிறது, சுற்றியிருப்பவர்கள் அவர் பக்கம் நிற்பது இயல்பானது. இறங்கியதும் காரைப் பார்க்காமல் முதலில் மனிதரைப் பாருங்கள். “எங்கே அடிபட்டது?” என்பதே உங்கள் முதல் சொல்லாக இருக்கட்டும். 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டம் வகுத்த செலவு வரம்புக்குள், சிகிச்சை இலவசம் என்பதையும் உடனிருப்பவர்களிடம் சொல்லுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, காயமடைந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதை ஓட்டுநரின் கடமை ஆக்குகிறது. கூட்டத்தின் ஆத்திரத்தாலோ கைமீறிய வேறு காரணத்தாலோ அது இயலாதபோது மட்டும் விலக்கு அளிக்கிறது. அப்படி அந்த இடத்தை விட்டுப் போக நேர்ந்தாலும் நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவித்தாக வேண்டும். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், செய்யாத தவறும் செய்ததாகிவிடும்.

18 வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பதைப் பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லை. 2024 மே 19 அன்று புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாக வழக்குப் பதிவான போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் உயிரிழந்தார்கள். 1,758 ரூபாய்க் கட்டணம் செலுத்தப்படாமல் அந்தக் காரின் நிரந்தரப் பதிவே நிலுவையில் இருந்தது என்பது நாடு முழுவதும் பேசப்பட்டது. சட்டம் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது, காரின் பதிவை 12 மாதங்களுக்கு ரத்து செய்கிறது. போன உயிர்களுக்கு இவை எதுவும் ஈடாகாது.

உங்கள் காரை ஓர் ஆட்டோவோ இருசக்கர வாகனமோ உரசிவிட்டால், அவர்களிடம் அந்த இடத்திலேயே பணம் கேட்காதீர்கள். மயிலாப்பூரில் என் பின்கதவை உரசிய ஆட்டோக்காரர் கைநடுங்க நின்றார். அந்தக் கதவுக்கான செலவு அவருடைய பல மாத வருமானம். வண்டி எண்ணையும் உரிமத்தையும் காப்பீட்டுத் தாளையும் படமெடுத்துக்கொண்டு, “போய் வாருங்கள் அண்ணே, பாலிசியில் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். கூடி நின்றவர்கள் தாங்களாகவே வழிவிட்டுக் கலைந்தார்கள். நாம் பிரீமியம் கட்டுவதே இதற்காகத்தான்.

அன்றிரவு சமூக ஊடகத்தில் உங்கள் கார் எண்ணோடு காணொளி பரவினால், அதன் கீழே விளக்கம் எழுதாதீர்கள். எழுதும் ஒவ்வொரு வரியும் வழக்கில் சான்றாகலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் அனுப்பும் சேத மதிப்பீட்டாளரான சர்வேயர் பார்ப்பதற்கு முன் எந்தப் பாகத்தையும் கழற்ற வேண்டாம் என்று சர்வீஸ் சென்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். டேஷ்கேம் என்னும் முன்கண்ணாடிக் கேமரா பழைய பதிவின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும் என்பதால், உறங்கப் போகும் முன் அதன் மெமரி கார்டைக் கழற்றி ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, மூல கார்டை ஓர் உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.