கட்டுநாயக்கவிலிருந்து சீனக்குடாவுக்கு: வான்வழித் தூரமும் உண்மையான பயண நேரமும்

திருகோணமலைக்கு வரவிருக்கும் புலம்பெயர் உறவுகளில் பலர், பயணச்சீட்டு எடுக்கும்போதே கொழும்புக்கு அருகேயுள்ள கட்டுநாயக்க, திருகோணமலையின் சீனக்குடா ஆகிய இரு விமானநிலையங்களுக்கும் இடையிலான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் இணையத்தில் பார்த்துவிடுகின்றனர். அங்கே காட்டப்படும் தூரத்தை நம்பலாம். நேரத்தை அப்படியே நம்பிப் பயணத்தை அமைத்துவிடக் கூடாது.

கட்டுநாயக்கவுக்கும் திருகோணமலையின் சீனக்குடா விமானநிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 210 கிலோமீற்றர் உள்ளது. மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் பெரிய ஜெற் விமானத்தை வைத்துக் கணக்கிட்டால் இது கால் மணி நேரப் பயணமாகத்தான் தெரியும். ஆனால் இவ்வழியில் பயன்பட்டு வந்த செஸ்னா கரவன் போன்ற ஒற்றை இயந்திரச் சிறு விமானங்கள் மணிக்கு 300 கிலோமீற்றரை அண்டிய வேகத்திலேயே பறப்பவை என்பதால், வானில் மட்டுமே 40 நிமிடங்களுக்கு மேல் செல்லும். ஓடுபாதைக்கு நகர்வது, மேலெழுவது, காற்றின் திசை பார்த்து இறங்குவது ஆகியவற்றையும் சேர்த்து ஒரு மணி நேரம் என்று கொள்வதே பாதுகாப்பான கணக்கு. இடையில் வேறோர் இடத்தில் இறங்கிச் செல்லும் சேவையாயின் இன்னும் கூடும்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே இருப்பவையே பயணத்தைத் தீர்மானிக்கின்றன. இத்தகைய சிறு விமானங்கள் பொதுவாகப் பகலிலேயே பறப்பதால், இரவில் வந்திறங்குவோர் விடியும்வரை காத்திருக்க நேரும். பொதியின் எடை வரம்பும் பன்னாட்டு விமானங்களை விட மிகக் குறைவு. உறவினருக்கென நிரப்பிய பெரிய பெட்டிகளோடு வருவோர் அவற்றைத் தரைவழியே அனுப்ப முன்கூட்டியே ஒழுங்கு செய்யவேண்டும். சீனக்குடா விமானப்படைத் தளமாகவும் இருப்பதால், கடவுச்சீட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். வரவேற்க வருவோர் வாசலுக்கு வெளியே காத்திருப்பதாக வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகச் செல்லும் வீதி ஏறத்தாழ 240 கிலோமீற்றர். ஐந்து முதல் ஆறு மணி நேரம் எடுக்கும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருவோருக்கு நான் இவ்வழியையே பரிந்துரைப்பேன், ஏனெனில் வீட்டு வாசலுக்கே வாகனம் வந்துவிடும். ஆயினும் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே யானைகள் வீதியைக் கடப்பதால், இருட்டியபின் அப்பகுதியில் வாகனம் ஓட்டவேண்டாம். இரவு விமானத்தில் வருவோர் நீர்கொழும்பில் தங்கி விடியற்காலையில் புறப்படுவது நல்லது.

சென்னை வழியாக வருவோருக்கு யாழ்ப்பாணத்தின் பலாலி விமானநிலையம் இன்னொரு வாசல். 2019 ஒக்ரோபரில் பன்னாட்டு விமானநிலையமாகத் திறக்கப்பட்ட அது, சென்னையிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றரிலும், சீனக்குடாவிலிருந்து ஏறத்தாழ 185 கிலோமீற்றரிலும் உள்ளது. இந்த 185 கிலோமீற்றரை வரைபடத்தில் கண்டு, பலாலியிலிருந்து சீனக்குடாவுக்கு விமானம் மாறிச் செல்லலாம் என்று எண்ணிச் சீட்டு எடுத்துவிடாதீர்கள். வவுனியா, ஹொரவபொத்தானை வழியாகத் தரையில் செல்வதாகவே கொள்ளுங்கள். அது 240 கிலோமீற்றருக்கும் அதிகம்.

சீனக்குடாவில் இறங்குவோர் தாம் போகும் ஊரையும் கணக்கில் கொள்ளவேண்டும். விமானநிலையம் நகரத்துக்குத் தென்மேற்கே உள்துறைமுகத்தின் மறுகரையில் இருப்பதால், கிண்ணியா, மூதூர் செல்வோர் நகரத்துக்குள் போகாமலே கிண்ணியாப் பாலத்தை நோக்கித் திரும்பலாம்; நிலாவெளி, குச்சவெளி செல்வோர் துறைமுகத்தைச் சுற்றி நகரைக் கடந்து வடக்கே போகவேண்டியிருப்பதால், வாகனக்காரரிடம் ஊர்ப்பெயரைச் சொல்லியே கூலி பேசுங்கள்.